யாழ்ப்பாணத்துக்கு 11 எம்.பி. இருந்தது, இப்போது 6. எங்கே போனது மிச்சம்?

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு முந்தி 11 எம்.பி. என்று உங்கள் அப்பா சொல்கிறார், இப்போது 6 பேர்தான், இது திட்டமிட்டு வெட்டியதா என்பது ஒன்று. அம்மம்மாவின் ஊர் கோப்பாய், அந்தத் தொகுதிக்கு இப்போது யார் எம்.பி. என்று தேடினால் ஒரு பெயரும் வருவதில்லையே என்பது மற்றது. அப்பா சொன்னது சரி. நான் வலிகாமத்தில் முப்பது வருடத்துக்குக் கிட்ட கிராம அலுவலராக இருந்தவன், ஊர் ஆட்களுக்கு விதானையார். வாக்காளர் இடாப்புக்கு, அதாவது வாக்காளர் பட்டியலுக்கு, வீடு வீடாகப் போய்ப் பெயர் எடுத்திருக்கிறேன், தேர்தல் நாட்களில் வாக்குச் சாவடியிலும் எண்ணும் மேசையிலும் இருந்திருக்கிறேன். அதனால் இதை எனக்குத் தெரிந்த அளவுக்கு விரிவாகவே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

கோப்பாயில் தொடங்குவோம், ஏனென்றால் அதில்தான் பழைய முறையும் புதிய முறையும் நன்றாக விளங்கும். 1947இல் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது கோப்பாய் ஒரு தனித் தொகுதி. ஒரு தொகுதி, ஒரு உறுப்பினர், கூட வாக்கு எடுத்தவர் வென்றார், அவ்வளவுதான். அந்தத் தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் வென்றவர் கு. வன்னியசிங்கம். பிறகு 1949இல் செல்வநாயகத்தோடு சேர்ந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1952 தேர்தலில் செல்வநாயகமே காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரிடம் தோற்றார், ஆனால் கோப்பாய் வன்னியசிங்கத்தைக் கைவிடவில்லை. அந்த முறை அந்தக் கட்சிக்கு முழு இலங்கையிலும் கிடைத்தது இரண்டே ஆசனம், ஒன்று கோப்பாய், மற்றது திருகோணமலை. உங்கள் அம்மம்மாவின் ஊருக்கு அப்படி ஒரு வரலாறு இருக்கிறது, தெரிந்து வைத்திருங்கள். 1959இல் அவர் இறந்த பிறகு 1960இல் எம். பாலசுந்தரம் வந்தார், 1965இலிருந்து எஸ். கதிரவேற்பிள்ளை. 1965, 1970, 1977 மூன்று தேர்தலிலும் கதிரவேற்பிள்ளைதான். அவர் 1981இல் காலமானபோது இடைத்தேர்தல் வைக்கவில்லை, புதிய அரசியலமைப்பு வந்துவிட்டதால் கட்சி ஒருவரை நியமித்தது. அப்படி வந்தவர் எம். ஆலாலசுந்தரம். 1985 செப்டம்பரில் அவரும் முன்னாள் மானிப்பாய் உறுப்பினர் வி. தர்மலிங்கமும் கடத்திக் கொல்லப்பட்டார்கள். கோப்பாய்க்கென்று கடைசியாக இருந்த எம்.பி. ஆலாலசுந்தரம்தான்.

அப்பா சொன்ன 11 எங்கிருந்து வந்தது என்று இனிப் பார்ப்போம். 1977இல் யாழ்ப்பாணப் பக்கம் இருந்த தொகுதிகள்: ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி. எண்ணிப் பாருங்கள், 11. அந்த வருடம் பதினொன்றையும் தமிழர் விடுதலைக் கூட்டணி எடுத்தது. அமிர்தலிங்கம் காங்கேசன்துறையில் வென்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். 1978 அரசியலமைப்பு இந்தத் தொகுதிகளை எல்லாம் ஒன்றாக மூட்டி 'யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம்' என்று ஒரே அலகாக்கியது, எடுத்த வாக்கின் பங்குக்கு ஏற்ப ஆசனம் கொடுக்கும் விகிதாசார முறையையும் கொண்டு வந்தது. கிளிநொச்சி 1984இல் தனி நிர்வாக மாவட்டம் ஆன பிறகும் தேர்தலுக்கு இன்றைக்கும் யாழ்ப்பாணத்தோடுதான். பழைய 11 தொகுதிகளின் பெயரும் அழியவில்லை. வாக்கை எண்ணி முடிவை அறிவிப்பதற்கான பிரிவுகளாக அவை இன்னும் இருக்கின்றன, தேர்தல் இரவில் 'கோப்பாய்த் தொகுதி முடிவு' என்று வானொலியில் கேட்பது அதைத்தான். ஆனால் அந்தப் பிரிவுக்கு ஆசனம் கிடையாது. நீங்கள் தேடியும் பெயர் வராததன் காரணம் இதுதான்.

புதிய முறையில் முதல் பொதுத் தேர்தல் 1989இல்தான் நடந்தது. 1982 டிசம்பர் 22இல் ஒரு சர்வஜன வாக்கெடுப்பு வைத்துப் பழைய நாடாளுமன்றத்தின் ஆயுளையே நீட்டிவிட்டார்கள். அடுத்த வருடம் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் வந்தது, தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று உறுப்பினர்கள் சத்தியம் செய்ய வேண்டும் என்றது. அந்தச் சத்தியப்பிரமாணத்தை எடுக்க மாட்டோம் என்று நின்ற கூட்டணி உறுப்பினர்கள் 1983 அக்டோபரில் ஆசனங்களை இழந்தார்கள். ஆக 1983இலிருந்து 1989 வரைக்கும் யாழ்ப்பாணத்துக்கு நாடாளுமன்றத்தில் பேச ஆளே இருக்கவில்லை. 11 இருந்த காலம் என்று பெருமையாகச் சொல்லும்போது இந்த ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட காலத்தையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

சரி, ஆசனம் எப்படிப் பங்கிடப்படுகிறது? மொத்தம் 225. அதில் 29 தேசியப் பட்டியல், எந்த மாவட்டத்துக்கும் சேராமல் கட்சிகளுக்குப் போகும் ஆசனங்கள், அதை ஒரு பக்கம் வையுங்கள். மிச்சம் 196. அதில் மாகாணத்துக்கு 4 வீதம் 9 மாகாணத்துக்கும் 36 ஆசனம் முதலிலேயே ஒதுக்கப்படுகிறது. வடக்கின் நாலில் யாழ்ப்பாணத்துக்கு 1, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 3. மீதி 160 ஆசனமும் பதிவு செய்த வாக்காளர் எண்ணிக்கையைப் பொறுத்தது. நாட்டின் மொத்த வாக்காளரை 160ஆல் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு எத்தனை பேர் என்று வரும், அதால் ஒவ்வொரு மாவட்டத்தின் எண்ணிக்கையையும் பிரிப்பார்கள். முழு எண் வந்த அளவுக்கு ஆசனம். பிறகும் ஆசனங்கள் மிஞ்சினால் யாருக்கு மீதி வாக்காளர் கூட இருக்கிறதோ அவர்களுக்கு ஒவ்வொன்றாகப் போகும். இதில் எந்த அமைச்சரின் கையும் பட வேண்டியதில்லை, கணக்கு தானாகவே ஓடும்.

இப்போது இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1989 காலத்தில் யாழ்ப்பாண மாவட்டத்தின் பதிவு வாக்காளர் 591,782. 2024இல் 593,187. முப்பத்தைந்து வருடத்தில் கூடியது ஆயிரத்து நானூறு பேர்! அதே காலத்தில் முழு நாட்டின் எண்ணிக்கை ஏறத்தாழ 94 இலட்சத்திலிருந்து 171 இலட்சத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு ஓர் ஆசனத்துக்கு 58 ஆயிரத்துச் சொச்சம் பேர் போதும், இன்றைக்கு 107 ஆயிரத்துக்கு மேல் வேண்டும். யாழ்ப்பாணத்தின் வாக்காளர் தொகை குறைந்ததால் ஆசனம் போனது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1989ஐயும் 2024ஐயும் ஒப்பிட்டால் அப்படியில்லை, இடையில் ஏறி இறங்கியதைப் பிறகு சொல்கிறேன். மற்றவர்கள் வளர்ந்தார்கள், நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். 1989இல் 11, 1994இல் 10, 2000இலிருந்து 2010 வரை 9, 2015இலும் 2020இலும் 7, 2024இல் 6.

கடைசியாகப் போன அந்த ஓர் ஆசனத்தின் கதை எனக்கு இன்னும் மனசில் குத்துகிறது. 2024 இடாப்பின் எண்களை வைத்து நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்கு 5.54 வருகிறது, கொழும்புக்குப் பக்கத்து மாவட்டமான கம்பகாவுக்கு 17.56. மீதியை ஒப்பிட்டால் கம்பகாவுக்கு எங்களைவிட இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் கூட. ஆசனம் அங்கே போனது, அவர்கள் 18இலிருந்து 19 ஆனார்கள், நாங்கள் 7இலிருந்து 6. இரண்டாயிரத்துச் சொச்சம் என்றால் என்ன? எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று கிராம அலுவலர் பிரிவின் வாக்காளர் தொகை, அவ்வளவுதான். மூன்று இலட்சத்துச் சொச்சம் வாக்காளர் மட்டுமே உள்ள வன்னிக்கும் 6, ஆறு இலட்சத்தைத் தொடும் எங்களுக்கும் 6 என்று சிலர் குறைப்படுகிறார்கள். அது அந்த மூன்று மாகாண ஆசனங்களால் வருவது, வன்னி பரந்த நிலம், அவர்களோடு நாங்கள் போட்டி போட ஒன்றும் இல்லை.

இனி நீங்கள் கேட்ட 'திட்டமிட்டு வெட்டியதா' என்பதற்கு வருகிறேன். 2010 ஏப்ரல் தேர்தலில் எங்கள் இடாப்பில் 721,359 பெயர் இருந்தது. வாக்களித்தது நூற்றுக்கு 23 பேர். 2015 தேர்தலில் இடாப்பில் இருந்தது 529,239. இடையில் இரண்டு இலட்சத்துக்குக் கிட்ட மனிதர்கள் எங்கே போனார்கள்? இதைத்தான் பலர் சதி என்கிறார்கள். அந்தப் பெயர்களில் ஒரு பங்கை என் கையாலேயே வெட்டியவன் என்பதால் சொல்கிறேன், அந்த ஆட்கள் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே போய்விட்டார்கள். போர்க் காலத்தில் வீடு வீடாகப் போய் ஒழுங்காகப் பதிவு எடுக்க முடியவில்லை, பழைய பெயர்கள் வருடா வருடம் அப்படியே தொடர்ந்து வந்தன. போர் முடிந்த பிறகு ஜூன் முதலாம் திகதிக்கு அந்த வீட்டில் வழமையாக வசிப்பவர் யார் என்று பி.சி. படிவம் என்ற வாக்காளர் பதிவுப் படிவத்தைக் கொண்டு போய்க் கேட்கத் தொடங்கினோம். ஒரு வீட்டில் ஒரு தாய், எழுபது வயது இருக்கும், படிவத்தில் நாலு பெயர் எழுதி வைத்திருந்தார். வீட்டில் இருந்தது அவர் மட்டும்தான். மூத்தவன் சுவிஸ், மகள் கனடா, இளையவன் எங்கே என்று அவருக்கே தெரியாது. "விதானையார், பெடியன்ர பேரை மட்டும் வெட்டிப் போடாதேங்கோ, பிள்ளை வந்தா வோட் போடோணும்" என்றார். சட்டப்படி நான் வெட்டத்தான் வேண்டும். வெட்டினேன். அந்தப் படிவத்தில் நான் கோடு போட்டபோது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆகவே ஆசனத்தைக் குறைத்தது சூத்திரம். அந்தச் சூத்திரத்துக்குக் கொடுத்த எண்ணைக் குறைத்தது முப்பது வருடப் போரும் புலப்பெயர்வும். 1981 குடிசன மதிப்பீட்டில் யாழ். மாவட்டத்தின் சனத்தொகை 7 இலட்சத்து 38 ஆயிரம், 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம். இதற்குள் 1990 அக்டோபரில் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றிய யாழ்ப்பாண முஸ்லிம்களும் அடக்கம். அவர்களில் பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள், வாக்கும் அங்கேதான். எங்கள் இழப்பைப் பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை. இந்த அழிவுக்கு அரசுக்கு எவ்வளவு பொறுப்பு என்பது வேறு ஒரு பெரிய கேள்வி, நிச்சயமாகப் பொறுப்பு உண்டு என்பதே என் எண்ணம். ஆனால் யாரோ ஒரு மேசையில் இருந்து 'யாழ்ப்பாணத்துக்கு இரண்டைக் குறை' என்று எழுதினார் என்று நினைத்தால் அது பிழை. வெட்டிய பெயர்களில் எத்தனை பேர் வெளிநாடு, எத்தனை பேர் இறந்தவர்கள், எத்தனை பேர் கொழும்புக்கோ வன்னிக்கோ போய் அங்கே பதிந்தவர்கள் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, என் பிரிவில் பார்த்ததை வைத்து முழு மாவட்டத்துக்கும் சொல்வது சரியில்லை. புலம்பெயர்ந்தவர்களுக்கு வாக்குரிமை கொடுத்தால் பழைய ஆசனங்கள் திரும்பும் என்று சிலர் சொல்வதும் நிச்சயமில்லாத பேச்சு. இப்போதைக்கு வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழி இல்லை. வழி வந்தாலும் அந்த வாக்குகள் எந்த மாவட்டத்தில் சேரும் என்பதைப் பொறுத்தது அது.

எண்ணிக்கை கூடினால் எங்கள் குரலும் கூடும் என்று நினைப்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. 1994ஐ எடுங்கள். யாழ்ப்பாணத்துக்கு 10 ஆசனம். குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில், தேர்தல் நடந்தது தீவுப் பகுதியிலும் புத்தளத்தில் இருந்த இடம்பெயர்ந்தோர் மத்தியிலும்தான். பதிவு வாக்காளர் 596,366 பேர். பத்தாயிரத்து எழுநூறு சொச்சம் வாக்கு எடுத்த ஒரு சுயேச்சைக் குழுவுக்கு, அதாவது ஈ.பி.டி.பி. எனப்படும் ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சிக்கு, 9 எம்.பி. கிடைத்தது. என் பிரிவில் ஒரு வாக்குப் பெட்டியும் வைக்கப்படவில்லை. பத்துப் பேர் நாடாளுமன்றத்தில் இருந்தார்கள், யாருடைய பிரதிநிதிகள் அவர்கள்?

மாறாக 2024ஐப் பாருங்கள். ஆறுதான், ஆனால் 358,079 பேர் வந்து வாக்களித்தார்கள். தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, தமிழ்க் காங்கிரஸ் 27,986, 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு 27,855, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈ.பி.டி.பி. 17,730. மற்ற எல்லோரும் 5 வீத வெட்டுப்புள்ளிக்குக் கீழே போய்விட்டார்கள், அதற்குக் கீழே எடுத்தவர்களுக்கு ஆசனப் பங்கீட்டில் இடமில்லை. தென்னிலங்கைத் தலைமையுள்ள ஒரு கட்சி யாழ்ப்பாணத்தில் முதலாவதாக வந்தது இதுதான் முதல் தடவை. கணக்கு இப்படி: முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் 5. வெட்டுப்புள்ளிக்கு மேலே உள்ள வாக்குகளைக் கூட்டினால் 240,241, அதை 5ஆல் பிரித்தால் 48 ஆயிரம். அதன்படி முதல் இரண்டு கட்சிக்கும் ஒவ்வொன்று. மிஞ்சிய 3 ஆசனம் மீதி வாக்கு கூட உள்ளவர்களுக்கு: தேசிய மக்கள் சக்திக்கு இன்னொன்று, காங்கிரசுக்கு ஒன்று, சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. முடிவு 3, 1, 1, 1.

அந்த ஏழாவது ஆசனம் கம்பகாவுக்குப் போகாமல் இங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் அதே முறையில் போட்டுப் பார்க்கலாம். 240,241ஐ 6ஆல் பிரித்தால் 40 ஆயிரம். தேசிய மக்கள் சக்திக்கு 2, போனசோடு 3. தமிழரசுக்கு ஒன்று, மீதி 23 ஆயிரத்துச் சொச்சம், அந்த மீதியால் இன்னொன்று. காங்கிரசும் சுயேச்சையும் முன்போலவே. அதாவது போன ஆசனம் தமிழரசுக் கட்சியின் இரண்டாவது ஆசனம். இருக்கிற ஆறையே போனஸ் முறை இல்லாமல் பங்கிட்டிருந்தாலும் 2, 2, 1, 1 என்றுதான் வந்திருக்கும். இது வெறும் எண்கணிதம். ஆசனம் ஏழு என்றால் வேட்பாளர் பட்டியலும் நீண்டிருக்கும், ஆட்கள் வேறு மாதிரி வாக்களித்திருக்கவும் கூடும், அதனால் இதைத் தீர்ப்பாக எடுக்க வேண்டாம்.

என்னை இதைவிட வருத்துவது வேறொன்று. வெட்டுப்புள்ளிக்குக் கீழே போன பட்டியல்கள் எல்லாம் சேர்ந்து எடுத்த வாக்கு ஏறத்தாழ 85 ஆயிரம், முதலாவதாக வந்த கட்சி எடுத்ததைவிடக் கூட. நாற்பதுக்கு மேற்பட்ட பட்டியல்கள் அந்த வாக்குச் சீட்டில். அதற்கு மேல் 32,767 வாக்கு நிராகரிக்கப்பட்டது. காங்கிரசும் சுயேச்சைக் குழுவும் தனித்தனியே ஓர் ஆசனம் எடுத்த வாக்குகள் ஒவ்வொன்றையும்விட இது கூட. நிராகரித்த சீட்டுகள் எப்படி இருக்கும் என்று தெரியுமா? முழம் நீளச் சீட்டு, மேலே கட்சிகளும் சின்னங்களும், கீழே விருப்பு வாக்குக்கான, அதாவது அந்தக் கட்சியில் பிடித்த வேட்பாளர்களைக் குறிக்கும், இலக்கங்கள். தனக்குத் தெரிந்த இரண்டு பேர் இரண்டு கட்சியில் நிற்கிறார்கள் என்று இரண்டு சின்னத்துக்கும் நேரே அழகாகப் புள்ளடி போட்டிருப்பார்கள். அல்லது கட்சியை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டிருப்பார்கள். கவலையீனமாகப் போட்ட புள்ளடிகள் இல்லை அவை, கோடு கொஞ்சமும் நடுங்காமல் கவனமாகப் போட்டவை, வெயிலில் வரிசையில் நின்று வந்து போட்டவை. விருப்பு வாக்கில் பிழை விட்டால் கட்சி வாக்காவது மிஞ்சும், ஆனால் இரண்டு கட்சிக்குப் போட்டால் முழுச் சீட்டும் போய்விடும். இதை ஊரில் வீடு வீடாகச் சொல்லிக் கொடுத்தாலே பாதியை மிச்சம் பிடிக்கலாம் என்பது என் அனுபவம், கட்சிகள் அதைச் செய்வதில்லை.

கோப்பாய்க்கு யார் எம்.பி. என்ற உங்கள் கேள்விக்கு நேரான பதில், ஆறு பேரும்தான். அவர்களில் ஒருவர் கோப்பாயில் பிறந்தவராக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, கோப்பாயைக் கவனிக்க வேண்டும் என்று ஒருவரைப் பொறுப்பாக்கவும் இல்லை. பழைய காலத்தில் கதிரவேற்பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள், அந்த வசதி இப்போது இல்லை. அம்மம்மாவின் வீட்டு ஒழுங்கையோ கிணற்றுப் பிரச்சினையோ என்றால் எம்.பி.யைத் தேடி அலைவதைவிட, முதலில் அந்தப் பிரிவின் கிராம அலுவலரிடமும் பிரதேச சபை உறுப்பினரிடமும் போகச் சொல்லுங்கள். 2018 உள்ளூராட்சித் தேர்தலிலிருந்து முறை மாறி, வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர் மறுபடியும் இருக்கிறார், அவருக்கு அந்த ஒழுங்கை தெரிந்திருக்கும். அம்மம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்றால் அவருடைய பெயர் இந்த வருட இடாப்பில் இருக்கிறதா என்று ஒரு தடவை கிராம அலுவலரிடம் கேட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள். தனியாக இருக்கும் வயது போனவர்களின் படிவம்தான் அடிக்கடி தவறிப் போகும், நான் வேலையில் இருந்த காலத்தில் அதைத்தான் கூடுதலாகத் தேடிப் போக வேண்டியிருந்தது.